ஏழு நாள் இடைவெளி

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் செய்முறைக்கென்று நேரம் ஒதுக்கும் பள்ளிகள் பலவற்றில் அந்த நேரம் இங்கேதான் வந்து விழுகிறது. ஒரு வாரம் சோடா உப்பும் வினிகரும் பொங்கும் எரிமலை, அடுத்த வாரம் காகிதக் காற்றாடி, அதற்கடுத்த வாரம் காந்தமும் இரும்புத் தூளும். பிள்ளைகள் மகிழ்கிறார்கள், மேசை நனைகிறது, மணி அடிக்கிறது. திங்கட்கிழமை பாடநூல் தான் விட்ட பக்கத்திலிருந்து தொடர்கிறது. வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செய்து கற்றலை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் வாதிடுகிறார்கள்: கை வேலை செய்யும்போது மனம் கற்கிறதா, இல்லையா? கிடைத்துள்ள ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் படித்தால் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. வாரந்தோறும் செய்து கற்பதில் கற்றலின் பெரும்பகுதி நடக்கக்கூடிய இடம், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவிலுள்ள ஏழு நாள். அந்த இடைவெளியைப் பயன்படுத்தத் தெரிந்த பள்ளிக்கு வாரம் ஒரு வகுப்பே போதும். தெரியாத பள்ளி தினமும் செய்முறை நடத்தினாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கை வேலை தானாகவே அறிவாகிவிடாது என்பதற்குச் சான்று நிறைய உண்டு. இயன் ஆப்ரகாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் செய்முறையோடு நடந்த 25 அறிவியல் வகுப்புகளைக் கூர்ந்து பார்த்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் சொன்னபடி கருவிகளைக் கையாள்வதில் மாணவர்கள் தேறினார்கள். கண்டதை ஒரு கருத்தோடு இணைத்துப் பேசுவதில் மிகவும் பின்தங்கினார்கள். காரணத்தை வகுப்பின் அமைப்பிலேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். நேரம் முழுவதும் செய்வதற்கே போய்விட்டது. யோசிப்பதற்கென்று யாரும் நேரம் வைக்கவில்லை. இதற்கு 4 ஆண்டுகள் முன்னர், ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூரும் கேத்தரின் கிரவுச் உள்ளிட்ட அவருடைய சகாக்களும், வகுப்பில் காட்டப்படும் செய்முறை விளக்கங்களைச் சோதித்தார்கள். வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்காதவர்களின் புரிதலைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். நடக்கப் போவதை முன்கூட்டியே ஊகித்து எழுதிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். ஊகிக்கக் கூடுதலாகச் செலவானது 2 நிமிடம்போலத்தான். இவை இரண்டும் பெரிய பிள்ளைகளைப் பற்றியவை. பத்து வயதுப் பிள்ளைக்கு வழிகாட்டுதல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், முடிவு கீழ் வகுப்புகளுக்கு மேலும் வலுவாகவே பொருந்தும் என்று கருதுகிறேன்.

பத்து வயதை ஒட்டியே நடந்த இரண்டு ஆய்வுகள் உண்டு. அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் முழுப்படம் கிடைக்கும். டேவிட் கிளார், மிலேனா நிகம் இருவரும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சரிவுப் பலகைகளையும் பந்துகளையும் கொடுத்தார்கள். பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதைப் பலகையின் சாய்வு, பரப்பின் சொரசொரப்பு, ஓடும் நீளம், பந்தின் வகை ஆகியவற்றில் எது முடிவு செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்கத் தெரிய வேண்டும். ஒரு பிரிவுக்கு ஆசிரியர் இதை விளக்கிக் காட்டினார். மற்றப் பிரிவு தானாகவே தேடியது. 2004இல் வெளிவந்த முடிவின்படி, விளக்கம் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினர் அந்த முறையில் தேர்ந்தார்கள். தானாகத் தேடியவர்களில் 23 விழுக்காட்டினரே தேர்ந்தார்கள். "செய்து கற்றல் தோற்றது" என்று இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரண்டு பிரிவுமே பலகையையும் பந்தையும் கையால் தொட்டுத்தான் வேலை செய்தன. போட்டி கைக்கும் காதுக்கும் இடையே நடக்கவில்லை. வழிகாட்டிய கைக்கும் வழிகாட்டாத கைக்கும் இடையேதான் நடந்தது. ஒரு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் பிறர் செய்த அறிவியல் கண்காட்சிச் சுவரொட்டிகளைக் காட்டி மதிப்பிடச் சொன்னபோது, தானாகத் தேடித் தேர்ந்த சிலரும் சொல்லிக் கொடுத்துத் தேர்ந்தவர்களும் ஒரே தரத்தில்தான் இருந்தார்கள்.

இரண்டாவது ஆய்வு டேவிட் டீன், டியானா கூன் இருவருடையது, 2007இல் வந்தது. அதே திறன், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் அவர்கள் ஒரு நாளோடு நிறுத்தவில்லை. ஒரு குழுவுக்குத் தொடக்கத்தில் நேரடி விளக்கம் மட்டும். ஒரு குழுவுக்கு விளக்கத்தோடு 10 வாரங்களில் 12 அமர்வுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு விளக்கமே இல்லாமல் அதே 12 அமர்வுகள். விளக்கம் மட்டும் பெற்ற குழு தொடக்கத்தில் முன்னே நின்றது. அந்த முன்னிலை வாரங்கள் செல்லச் செல்லக் கரைந்தது. தொடர்ந்து வேலை செய்த குழுக்களிடம் திறன் தங்கியது. நேரடி விளக்கம் அவசியமும் அல்ல, அது மட்டும் இருந்தால் போதுவதும் அல்ல என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். குழுவுக்குப் பதினைந்து பிள்ளைகள்தான், சிறிய ஆய்வு. என்றாலும் முந்தைய ஆய்வு விட்ட இடத்தை இது சரியாக நிரப்புகிறது. ஒரு திறனை ஒரு நாளில் புகுத்துவதற்கு விளக்கம் விரைவான வழி. அதை நிலைக்கவைப்பது, நாள் இடைவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வேலை.

இடைவெளிக்கு ஏன் இந்தப் பலம்? மறக்கத் தொடங்கிய ஒன்றை முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது ஆழப் பதிகிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றை அவர்கள் மறுபடி படித்தார்கள். மற்றதைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்த பத்தியே கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிய பத்தியில் 56 விழுக்காடு நினைவிருந்தது. மறுபடி படித்த பத்தியில் 42 விழுக்காடுதான். வாரம் ஒரு முறை கூடும் செய்முறை வகுப்பு இந்த ஒரு வார இடைவெளியை இலவசமாகவே வைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் ஏடுகளை மூடிவைத்து, "போன வாரம் என்ன செய்தோம், எது நடக்கும் என்று சொன்னோம், எது நடந்தது?" என்று கேட்டாலே போதும், இடைவெளி வேலை செய்யத் தொடங்கிவிடும். நம் வகுப்புகளோ புதிய பொருளோடு புதிய தலைப்பைத்தான் தொடங்குகின்றன. போன வாரத்தை யாரும் கேட்பதில்லை.

நினைவின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இயற்கையின் கணக்கே வாரத்தோடு ஒத்துப்போகிறது. நிலவை எடுத்துக்கொள்வோம். வளர்பிறை அட்டமியன்று அந்தி நேரத்தில் அரை நிலா உச்சி வானில் நிற்கும். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் முழு நிலா கிழக்கே எழும். மூன்றாவது வாரம் எங்கே இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் பலரும் கிழக்கிலேயே தேடுவார்கள். அந்தியில் நிலா இருக்காது. சிலர் மேகம் மறைத்தது என்பார்கள். மறுநாள் காலை இறைவணக்கத்துக்கு நிற்கும்போது மேற்கு வானில் வெளுத்த அரை நிலா தெரியும். பகலில் நிலா வராது என்று நம்பிவந்த பிள்ளைக்கு அந்த ஒரு காட்சி எந்தப் படமும் தராத அதிர்ச்சியைத் தரும். அட்டமி, பௌர்ணமி, அமாவாசை என்ற சொற்கள் நம் வீடுகளின் நாட்காட்டியில் இருக்கின்றன. அவற்றுக்கும் வானத்துக்கும் உள்ள உறவை ஒரே நாளில் காட்ட முடியாது, நான்கு வாரங்களில் காட்டிவிடலாம். நிழலும் இப்படித்தான். சென்னையில் ஒரு பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர்க் கம்பை நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும்போது வாரம் ஒரு முறை அளந்தால், ஜூன் இறுதியில் ஏறத்தாழ 18 செ.மீ. நிழல் தெற்கே விழும். ஆகஸ்ட் நடுவில் நிழலே இல்லாமல் போகும். பிறகு அது வடக்கே திரும்பி, டிசம்பரில் 74 செ.மீ. அளவுக்கு நீளும். தெற்கே செல்லச் செல்ல நிழலில்லா நாள் தள்ளிப்போகும். குமரியில் அது செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கும் ஒரு பிள்ளைக்கு, ஆறு மாதப் பதிவுகள் கையில் இருந்தால் அந்த விடையையே விசாரிக்கும் துணிவு வரும்.

கொசு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 8 முதல் 10 நாளாகும். தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒரு முறை கழுவிக் காயவையுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்வதன் காரணம் இந்தக் கணக்குதான். புழு நெளியும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வலைத்துணியால் இறுகக் கட்டி, அடுத்த வாரம் பார்த்தால் புழு இருந்த இடத்தில் கூட்டுப்புழுவோ வலைக்குள் பறக்கும் கொசுவோ இருக்கும். பார்த்து முடித்ததும் ஆசிரியர் அழித்துவிட வேண்டும். "ஏன் வாரம் ஒரு முறை, ஏன் மாதம் ஒரு முறை அல்ல?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை தன் வீட்டில் பெரியவர்களுக்கே விடை சொல்லும். முளைக்கும் பயறு, துருவேறும் ஆணி, அழுகும் இலை எல்லாமே இந்த வேகத்தில்தான் மாறுகின்றன. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் பள்ளி, மெதுவாக நடப்பவற்றையெல்லாம் அறிவியலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. உயிரியலின் பெரும்பகுதி மெதுவாக நடப்பதுதான்.

இதையெல்லாம் ஏட்டளவில் பேசாமல் அரசுப் பள்ளிகளிலேயே முப்பது ஆண்டுகள் நடத்திக்காட்டிய முயற்சி இந்தியாவில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை விட்டு வந்த அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் இதைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் துணைநின்றார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்று மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. 'பால் வைஞானிக்' என்ற அதன் நூலில் சோதனைகளும் கேள்விகளும் உண்டு, விடைகள் கிடையாது. விடை பிள்ளையின் ஏட்டில்தான் இருக்கும். நான்கு நான்கு பேராக அமர்ந்து வேலை செய்தார்கள். ஒரே நீளத்தை நால்வர் அளந்து நால்வருக்கும் வேறு வேறு எண் வந்தால் ஏன் என்பதே ஒரு பாடமாக இருந்தது. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுத, பதில் வந்தது. பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பெடுத்து அங்கே வந்துதான், வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் கொண்டு வடிவங்கள் கட்டும் கலையைக் கண்டார். இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் கருவிகளின் மலிவையே வியக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆசிரியர்களின் மாதக் கூட்டம். வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றோம் என்று மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு இடைவெளியில் நினைவுகூரல் எதைச் செய்கிறதோ அதையே அந்தக் கூட்டம் ஆசிரியர்களுக்குச் செய்தது.

2002இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு நடந்தும் நின்றுபோனதே, அதுவே தோல்விக்குச் சான்று அல்லவா என்று கேட்கலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நூல், மற்றவற்றுக்கு வேறு நூல் என்ற ஏற்பாடு நிர்வாகத்துக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கும். மேல் வகுப்புப் பொதுத்தேர்வோ மனப்பாடத்தையே கேட்டது. அந்த நெருக்கடியில் ஒரு திட்டம் முறிவது, பிள்ளைகள் கற்கவில்லை என்பதைக் காட்டாது. மேலே உள்ள தேர்வு மாறாதவரை கீழே உள்ள வகுப்பு தனித்து நிற்க முடியாது என்பதைத்தான் காட்டுகிறது.

வலுவான மறுப்பு அறிதல் உளவியலிலிருந்து வருகிறது. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டுதல் குறைந்த கற்பித்தல் தோல்வியடைவதன் காரணத்தை மனித நினைவின் அமைப்பிலேயே தேடியது. ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமை மிகக் குறைவு. புதியவரிடம் கருவி, செய்முறை, கேள்வி, கருத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கருத்துதான் முதலில் நழுவும். இந்த வாதத்தை நான் முழுமையாகவே ஏற்கிறேன். ஏற்றால் கிடைக்கும் முடிவு என்ன? சுமையைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதே. முதல் வாரம் அளக்கப் பழகுவது, இரண்டாம் வாரம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மூன்றாம் வாரம் குழுக்களின் எண்களை ஒப்பிடுவது. ஆசிரியர் தேவையான இடத்தில் நேரடியாகவே சொல்லிக் கொடுக்கலாம். அதில் குற்றமொன்றும் இல்லை. எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் செய்து கற்றலுக்கு வெளியாரைவிட அதிகத் தீங்கு செய்திருக்கிறது.

அப்படியானால் தினமும் செய்யலாமே, அல்லது மொத்தமாகச் சில நாட்கள் ஒதுக்கலாமே? இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில், ஜாகிர் உசேன் குழு ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. அதைச் சேவாகிராமத்தில் நடத்திக்காட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். தக்ளியில் நூல் நூற்பதன் வழியே கணக்கு, வரலாறு, புவியியல் எல்லாம் வர வேண்டும் என்பது கனவு. ஆர்வமும் பயிற்சியும் குறைந்த பள்ளிகளில் நூற்பு மட்டும் மிஞ்சியது, கேள்வி உதிர்ந்துபோனது. தேசியக் கல்விக் கொள்கை 2020, 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் புத்தகப்பையில்லாத 10 நாட்களைப் பரிந்துரைக்கிறது; உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அடுத்தடுத்து வரும் பத்து நாட்கள் ஒரு திருவிழாவைப் போல முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதே பத்து நாட்களை இருபது அரை நாட்களாக்கி வாரங்களுக்குப் பிரித்தால், தச்சரிடமோ குயவரிடமோ பிள்ளை ஒரு கேள்வியோடு திரும்பிப் போக முடியும்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியலையும் கணிதத்தையும் செய்து காட்டக் கருத்தாளர்களை அனுப்புகிறது. 13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள் என்பது தொடக்கத்தில் சொல்லப்பட்ட கணக்கு. ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள். ஆகவே ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறை வந்து போவதே அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கருத்தாளர் கிளம்பிய பிறகு, அவர் விட்டுச்சென்ற கேள்வியை அந்தப் பள்ளியின் ஆசிரியர் அடுத்த மூன்று வாரமும் கையில் எடுத்தால், மாத வருகை நான்கு வார வேலைக்குத் தொடக்கமாகும். எடுக்காவிட்டால் வந்தவர் வித்தை காட்டிவிட்டுப் போனதாகவே பிள்ளைகள் நினைவில் நிற்கும்.

பாடத்திட்டம் முடியாது என்பது ஆசிரியர்கள் சொல்லும் நேர்மையான கவலை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களையும் 1,000 கற்பித்தல் மணி நேரத்தையும் கேட்கிறது. 80 நிமிட இரட்டைப் பாடவேளை ஒன்று, 40 வாரங்களுக்கு என்று வைத்தால் 53 மணி நேரம். இருபதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நடப்பதும் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நான்கு பேர் குழுவில் கருவி யார் கையில் இருக்கிறது? பையன்கள் பேட்டரியை இணைக்க, பெண்பிள்ளைகள் அழகாக எழுதிக்கொடுக்கும் காட்சியை எந்த வகுப்பிலும் எளிதாக எதிர்பார்க்கலாம். கை வேலையைச் சாதியின் படிநிலையில் கீழே தள்ளிவைத்த ஒரு சமூகத்தில், மண்ணையும் சாணத்தையும் எடுத்துவரச் சொல்லும்போது எந்தப் பிள்ளையை நோக்கி ஆசிரியரின் கண் போகிறது என்பதும் சாதாரண விஷயமல்ல. வாரம் தவறாமல் நடக்கும் வகுப்பு இதற்கும் ஒரு வாய்ப்பு தருகிறது. அளப்பவர், எழுதுபவர், பொருள் கொண்டுவருபவர், பேசுபவர் என்ற நான்கு வேலைகளைச் சுவரில் எழுதி வாரம் மாற்றி வாரம் சுழற்றினால், ஒரு மாதத்தில் நால்வரும் நான்கையும் செய்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு கண்காட்சியில் இது நடக்காது.

கடைசியாகத் தேர்வு. செய்து கற்றதைச் செய்யாமல் எழுதச் சொல்லும் தேர்வு எல்லா உழைப்பையும் பின்னோக்கி அழித்துவிடும். ஹோஷங்காபாத்தில் எட்டாம் வகுப்புத் தேர்வு புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாகவும், கூடவே செய்முறைத் தேர்வாகவும் இருந்தது. பிள்ளையின் சொந்தப் பதிவேட்டையே தேர்வு மேசைக்குக் கொண்டுவர அனுமதித்தால், அந்த ஏட்டை ஆண்டு முழுதும் ஒழுங்காக வைத்திருப்பதற்கு வேறு தூண்டுதல் தேவையில்லை. கேள்வியும் அதற்கேற்ப மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஐந்து குழுக்கள் ஒரே முற்றத்தில் அளந்த நிழல் அளவுகளின் அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இப்படிக் கேட்கலாம்: ஏழாவது வாரம் எந்தக் குழு தவறாக அளந்திருக்கிறது, அதை எப்படிக் கண்டாய், அடுத்த வெள்ளிக்கிழமை நிழல் எங்கே விழும்?